சுற்றசைவு: ஒரு சொல்லின் வரலாறு

உங்கள் வீட்டுக் கொல்லையில் அவரை ஊன்றியிருக்கிறீர்களா? விதை முளைத்து, சில இலைகள் விட்டு, கொடி வீசத் தொடங்கும் நாளில் அதற்கு ஒரு சாண் தள்ளி ஒரு கொம்பை நட்டு வையுங்கள். இரண்டொரு நாளில் கொடியின் நுனி அந்தக் கொம்பை எட்டிப் பிடித்துச் சுற்றியிருக்கும். கொம்பை இடம் மாற்றி வைத்தாலும் மற்றொரு தளிர் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். கண் இல்லாத கொடிக்குக் கொழுகொம்பு இருக்கும் இடம் எப்படித் தெரிகிறது?

1863-ஆம் ஆண்டு இங்கிலாந்தில், கெண்ட் மாவட்டத்தில் உள்ள டவுன் என்ற சிற்றூரில், ஒரு தோட்டக்காரருக்கும் இதே ஐயம் எழுந்தது. செடியை எங்கே வைத்தாலும் அருகில் உள்ள குச்சியை அதன் பற்றுக்கம்பிகள் தவறாமல் பிடித்துவிடுவதைப் பார்த்துப் பார்த்து, அவற்றுக்குக் கண் தெரியும் என்றே அவர் நம்பத் தொடங்கினார். அதைத் தம் முதலாளியிடமும் சொன்னார். முதலாளி சிரித்துவிட்டுப் போகவில்லை. கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு செடியின் அருகே உட்கார்ந்துவிட்டார். அவர்தாம் சார்லஸ் டார்வின்.

நீங்களும் அவரைக் கொடியின் அருகே கடிகாரத்தோடு உட்கார்ந்தால் விடை கிடைத்துவிடும். காலை எட்டு மணிக்குக் கிழக்கே சாய்ந்திருக்கும் நுனி, சற்று நேரத்தில் வடக்கே சாய்ந்திருக்கும்; பிறகு மேற்கே; பிறகு தெற்கே. பத்து மணி வாக்கில் மீண்டும் கிழக்குக்கு வந்துவிடும். காற்றில்லாத அறையில் வைத்தாலும் இந்தச் சுற்று நிற்பதில்லை, இரவிலும் நிற்பதில்லை. இருட்டறையில் சாவியைத் தேடுகிறவர் கையை நீட்டிச் சுற்றிலும் துழாவுவதைப்போலக் கொடி துழாவுகிறது. துழாவும் வட்டத்துக்குள் கொம்பு இருந்தால் அது அகப்படும். வட்டத்துக்கு வெளியே இருந்தால் அகப்படாது. கண்ணுக்கு இதில் வேலை இல்லை.

இந்த அசைவுக்குத் தாவரவியலில் 'சர்கம்நியூட்டேஷன்' என்று பெயர். நம் பாடநூல்களில் எப்போதாவது தலைகாட்டி மறையும் சொல். லத்தீன் மொழியில் 'நூட்டாரே' என்றால் தலையசைத்தல். வளரும் தளிர் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஆடுவதால் 'நியூட்டேஷன்' என்ற சொல் தாவரவியலில் முன்பே வழங்கிவந்தது. புவியின் அச்சு லேசாகத் தலையசைப்பதை ஜேம்ஸ் பிராட்லி 1748-இல் அறிவித்தபோது வானியலாரும் இதே சொல்லைத்தான் பயன்படுத்தினர். 'சர்கம்' என்பது 'சுற்றி' எனப் பொருள்படும் முன்னொட்டு. சுற்றிச் சுற்றித் தலையசைத்தல் என்பது மொத்தப் பொருள். இக்கட்டுரையில் அதனைச் 'சுற்றசைவு' என்று குறிப்பிடுவோம். இன்னும் நல்ல தமிழ்ச் சொல் கிடைத்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்தச் சொல்லை டார்வின் ஏன் உண்டாக்கினார் என்பது சொல்லைவிடச் சுவையானது. ஒரே ஒரு சொல்லுக்குள் செடிகளின் அசைவுகள் அனைத்தையும் அடக்கிவிட அவர் முயன்றார்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வோம். நுனி வட்டமிடுகிறது என்றால், தண்டு கயிறு முறுக்குவதுபோலத் தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நீளமான மூங்கில் சிம்பு ஒன்றின் அடியைத் தரையில் ஊன்றி, நுனியைப் பிடித்துக் கிழக்கே, வடக்கே, மேற்கே, தெற்கே என்று வளைத்துக்கொண்டே வாருங்கள். நுனி ஒரு வட்டம் போட்டுவிடும். சிம்பு சிறிதும் முறுக்கிக்கொள்ளாது. இப்போது அந்தச் சிம்பின் ஒரு பக்கத்தில் நெடுக ஒரு சிவப்புக் கோடு தீட்டிவிட்டு மறுபடி வளையுங்கள். கோடு ஒரு சமயம் வளைவின் வெளிப்புறத்தில் இருக்கும். பிறகு பக்கவாட்டுக்கு வரும். பிறகு வளைவின் உட்புறத்தில் இருக்கும். டார்வின் தளிர்களின்மேல் இப்படியே கோடு தீட்டிப் பார்த்து, நடப்பது வளைதலே தவிர முறுக்கல் அன்று என்று காட்டினார்.

சிம்பை நம் கை வளைக்கிறது. தளிரை வளைப்பது எது? வளர்ச்சிதான். நுனிக்குக் கீழே உள்ள இளம்பகுதியில் ஒரு பக்கத்து உயிரணுக்கள் மற்றப் பக்கத்தைவிட விரைவாக நீளுகின்றன. நீண்ட பக்கம் வெளிப்புறமாகப் புடைக்க, தளிர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இந்த விரைவு வளர்ச்சி ஒரே பக்கத்தில் நிலைத்து நிற்காமல் தண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறது, நுனி வட்டமிடுகிறது. தளிர் உயர்ந்துகொண்டும் இருப்பதால், உண்மையில் நுனி செல்லும் பாதை மேலே மேலே ஏறும் ஒரு சுருள். முற்றிய பகுதியில் வளர்ச்சி நின்றுவிடுவதால் அங்கே இந்த ஆட்டமும் நின்றுவிடுகிறது.

டார்வினுக்கு இந்தப் பொருளில் ஆர்வம் மாணவப் பருவத்திலேயே முளைத்தது எனலாம். கேம்பிரிட்ஜில் அவருடைய ஆசிரியர் ஹென்ஸ்லோ, கொடிகளுக்குச் சுருளாக வளரும் இயல்பு இருக்கிறது, அதனால் சுற்றுகின்றன என்று விளக்கினாராம். சுற்றும் இயல்பு இருப்பதால் சுற்றுகிறது என்பது ஒரு விளக்கமா? டார்வினுக்கு அது நிறைவளிக்கவில்லை. 1858-இல் அமெரிக்கத் தாவரவியலார் ஆசா கிரே பற்றுக்கம்பிகளைப் பற்றி எழுதிய ஒரு சிறு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. கிரே விதைகளையும் அனுப்பிவைத்தார். அவற்றிலிருந்து முளைத்தவைதாம் தோட்டக்காரரைத் திகைக்க வைத்த செடிகள்.

அப்போது டார்வின் அடிக்கடி நோய்வாய்ப்பட்டு அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தார். வேறொருவருக்கு அது வீணான காலம். அவரோ தொட்டியில் ஒரு ஹாப் கொடியை அறைக்குள் கொண்டுவரச் செய்து, இரவும் பகலும் அதன் கணுவிடைகள் சுற்றும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். பீர் வடிப்பதற்காகக் கெண்ட் மாவட்டத்து வயல்களில் பயிராகும் கொடி அது. வெப்பமான பகல்களில் அது ஒரு சுற்றுச் சுற்ற எடுத்துக்கொண்ட நேரம் சராசரி 2 மணி 8 நிமிடம். சுற்றும் திசை, கடிகார முள் செல்லும் திசை. பெரும்பாலான பின்னுகொடிகள் இதற்கு எதிர்த்திசையில் சுற்றுபவை. உங்கள் அவரை எப்பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவையுங்கள்.

இன்னொரு செடி அவருடைய எழுதுமேசை மேலேயே இடம் பிடித்தது. செரோப்பீஜியா என்னும் இனத்தைச் சேர்ந்த கொடி அது. இலங்கையில் பெராதெனியா தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜார்ஜ் கார்டனரின் பெயரைத் தாங்கியது. டார்வின் அதற்குக் கொம்பு எதுவும் கொடுக்காமல், தளிரை 31 அங்குல நீளத்துக்குக் கிடையாக வளரவிட்டார். அதன் நுனி 5 அடிக்கும் மேற்பட்ட விட்டமும் 16 அடிச் சுற்றளவும் உள்ள வட்டத்தை ஐந்தே கால் முதல் ஆறே முக்கால் மணி நேரத்தில் சுற்றி வந்தது. நுனி மணிக்கு 32, 33 அங்குலம் நகர்ந்தது; அதாவது நிமிடத்துக்கு அரை அங்குலத்துக்கும் மேல். இந்த வேகத்தைப் பொறுமையுள்ள கண் நேரடியாகவே காண முடியும். மேசையில் காகிதங்களுக்கு மேலே ஒரு கொடி இரவு பகலாக வட்டமிட்டுக்கொண்டிருக்க, கீழே ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்!

ஆராய்ச்சி பாதிக்கு மேல் நடந்த பிறகுதான் ஒரு செய்தி அவருக்குத் தெரியவந்தது. கொடிகள் சுற்றுவதை ஜெர்மனியில் பால்ம், ஹூகோ ஃபான் மோல் என்ற இருவர் 1827-ஆம் ஆண்டிலேயே தனித்தனியே கண்டு நூல் எழுதியிருந்தனர். பிரெஞ்சு அறிஞர் துத்ரோஷே 1840-களில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். டார்வின் இதனை மறைக்காமல் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். ஆனால் அவர் முன்னோர் சொன்னதை அப்படியே ஏற்கவும் இல்லை. கொடித்தண்டுக்குத் தொடு உணர்ச்சி உண்டு, கொம்பு பட்டதும் அந்த உணர்ச்சியால்தான் வளைகிறது என்பது மோலின் கருத்து. டார்வின் பல தளிர்களைத் தேய்த்துப் பார்த்தார், அவை வளையவில்லை. சுற்றிக்கொண்டிருக்கும் தளிர் நடுவில் ஒரு கொம்பில் தட்டி நின்றால், தட்டிய இடத்துக்கு மேலே உள்ள பகுதி மட்டும் தொடர்ந்து சுற்றும். சுற்றச் சுற்றக் கொம்பைச் சூழ்ந்துகொள்ளும். கவணில் கட்டிய கயிறு விரலில் பட்டதும் விரலைச் சுற்றிக்கொள்கிறது அல்லவா, அதுபோல. தொடு உணர்ச்சி பற்றுக்கம்பிகளுக்குத்தான் உண்டு. பின்னுகொடியின் தண்டுக்குத் தேவையில்லை. இந்த முடிவுகள் 1865 பிப்ரவரியில் லண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பட்டன. 1875-இல் விரிவான நூலாக வந்தன.

இத்துடன் நின்றிருந்தால் இது கொடிகளைப் பற்றிய ஒரு நல்ல ஆராய்ச்சியாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் டார்வினின் தோள்மீது வேறொரு சுமை இருந்தது. 1859-இல் அவர் வெளியிட்ட இயற்கைத் தேர்வுக் கொள்கையை எதிர்த்தவர்களுள் செயின்ட் ஜார்ஜ் மைவார்ட் கூர்மையானவர். 1871-இல் வெளியிட்ட நூலில் அவர் கேட்ட கேள்வி இதுதான்: ஓர் உறுப்போ திறனோ முழுமை பெற்றபின் உயிருக்குப் பயன்படும், சரி, அரைகுறையாக இருந்த தொடக்க நிலையில் அதனால் என்ன பயன்? பயன் இல்லாததை இயற்கை எப்படித் தேர்ந்தெடுக்கும்? கொடிகளை இந்தக் கேள்வி வெகுவாகத் தாக்கும். ஒன்றோடொன்று நெருங்கிய உறவில்லாத பற்பல குடும்பங்களில் கொடிகள் தோன்றியிருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்திலும் சுற்றும் திறன் வெறுமையிலிருந்து புதிதாகத் தோன்றியது என்றால் நம்புவது கடினம்.

டார்வின் 1872-இல் தம் நூலின் ஆறாம் பதிப்பில் விடை சொன்னார். சுற்றும் இயல்பு கொடிகளுக்கு மட்டும் உரியதன்று. கொடியல்லாத செடிகளிலும் அது லேசாக இருக்க வேண்டும். அந்தச் சிறு முதலைப் பெருக்கித்தான் கொடிகள் உண்டாயின என்றார். சான்றும் கிடைத்தது. மௌராண்டியா என்ற செடியின் இளம் பூக்காம்பு எந்தப் பயனும் இன்றி மெல்லச் சுற்றுவதை அவரே கண்டிருந்தார். பிரேசிலில் வாழ்ந்த ஃபிரிட்ஸ் முல்லர், அலிஸ்மா என்னும் நீர்ச்செடியின் தண்டும், ஆளிவிதைச் செடியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றின் தண்டும் ஒழுங்கில்லாமல் சுற்றுவதைக் கண்டார். இரண்டும் ஏறுகொடிகள் அல்ல, உறவினவும் அல்ல. அப்படியானால் எல்லாச் செடிகளிலும் தேடிப் பார்க்க வேண்டாமா?

தேடுவதற்கு ஒரு துணையும் அமைந்தது. மனைவியை இழந்து 1876-இல் தந்தையின் வீட்டுக்கே திரும்பிய மகன் ஃபிரான்சிஸ், தாவரவியலில் தேர்ந்தவர். இருவரும் சேர்ந்து முதலில் எடுத்துக்கொண்டது முட்டைக்கோசு நாற்று. அசைவோ மிகச் சிறியது, கண்ணுக்குத் தெரியாது. அதைப் பெருக்கிக் காட்ட அவர்கள் கையாண்ட முறையில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. தலைமயிர்போன்ற மெல்லிய கண்ணாடி இழை ஒன்றைத் தளிரில் ஒட்டி, அதன் நுனியில் கறுப்பு அரக்கால் ஒரு சிறு பொட்டு வைப்பார்கள். இழைக்குக் கீழே ஓர் அட்டையில் ஒரு கறுப்புப் புள்ளி. செடிக்கு மேலே ஒரு கண்ணாடிப் பலகை. பலகை வழியே பார்த்து, அரக்குப் பொட்டும் அட்டைப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் தெரியும் இடத்தில் பலகைமேல் மையால் ஒரு புள்ளி. சில நிமிடங்கள் கழித்து மறுபடி ஒரு புள்ளி. நாள் முடிவில் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் செடி நடந்த பாதை பெரிதாக்கப்பட்டுப் பலகையில் இருக்கும்.

இதனை நீங்களும் செய்து பார்க்கலாம். கண்ணாடி இழைக்குப் பதிலாகத் தென்னந்துடைப்பத்து ஈர்க்கின் மெல்லிய நுனித் துண்டு போதும், நகப்பூச்சால் ஒட்டலாம். புகைப்படச் சட்டத்தின் கண்ணாடியைச் செங்கல்களின்மேல் நிறுத்திக்கொள்ளுங்கள். சன்னலைச் சாத்திவிடுங்கள், ஒளி ஒரே பக்கத்திலிருந்து வந்தால் செடி அப்பக்கம் சாய்ந்து கணக்கைக் கெடுத்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும். அவரையோ காராமணியோ பெரிய வட்டம் போடும். கடுகு, முள்ளங்கி நாற்றுகள் சிறு வட்டம், நீள்வட்டம், குறுக்கும் நெடுக்குமான கோடு என்று மனம்போனபடி போடும்.

தந்தையும் மகனும் இம்முறையில் பல குடும்பத்துச் செடிகளை ஆராய்ந்தனர். தண்டு, முளைவேர், விதையிலை, இலை, பூக்காம்பு, தரையில் ஓடும் கொடி என எதையும் விடவில்லை. எங்கும் சுற்றசைவு! 1880 நவம்பரில் 'தாவரங்களின் அசைவுத் திறன்' என்ற பெருநூல் வெளிவந்தது. அதில்தான் நாம் பேசிவரும் சொல் பிறந்தது. ஜெர்மானியத் தாவரவியலின் பேராசான் யூலியுஸ் சாக்ஸ் 'சுழல் நியூட்டேஷன்' என்று வழங்கியதை மாற்றி, 'சர்கம்நியூட்டேஷன்' என்று சொல்வது வசதியாக இருக்கிறது என்று டார்வின் முன்னுரையில் எழுதினார். வசதி மட்டும் நோக்கமன்று. பழைய சொல் கொடிகளின் சுழற்சியையும் அதுபோன்ற சில அசைவுகளையும் குறித்தது. புதிய சொல் வளரும் செடியின் ஒவ்வோர் உறுப்புக்கும் உரிய அடிப்படை அசைவைக் குறித்தது. கொடி சுற்றுவது அந்த அசைவு பெருகியதால். செடி ஒளியை நோக்கி வளைவது, வேர் மண்ணை நோக்கி இறங்குவது, புளியிலையும் தொட்டாற்சிணுங்கியும் இரவில் கூம்புவது, இவை யாவும் அதே சுற்றசைவு திரிந்ததால் என்றார். மைவார்ட்டின் கேள்விக்கு இதைவிட முழுமையான விடை இருக்க முடியாது. ஆனால் அது உண்மைதானா?

எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. வியன்னாவின் யூலியுஸ் வீஸ்னர் மறு ஆண்டே, 1881-இல், டார்வின் நூலுக்கு மறுப்பாக ஒரு தனி நூலே எழுதினார். சில உறுப்புகள் நேராகவே வளருகின்றன, சுற்றசைவு எல்லாச் செடிக்கும் பொதுவன்று. வளர்ச்சி எல்லாப் பக்கமும் ஒரே சீராக நடக்காததால் நேரும் தள்ளாட்டத்தைத்தான் டார்வின் அடிப்படை அசைவு என்று எண்ணிவிட்டார். ஒளியும் புவியீர்ப்பும் செடியை நேரடியாகவே வளைக்கின்றன, இடையில் சுற்றசைவு எதற்கு என்பன அவர் கேட்டவை. வீஸ்னர் கடுமையாக மறுத்தாலும் மரியாதை குறையாமல் மறுத்தார். டார்வின் அதற்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். அறிவியல் சண்டைகளில் அபூர்வமாகக் காணும் பண்பு இது. 1882 ஏப்ரலில் டார்வின் மறைந்துவிட்டார்.

சாக்ஸ் அப்படி நடந்துகொள்ளவில்லை. ஃபிரான்சிஸ் 1878-இல் வூர்ட்ஸ்புர்க் நகரில் அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே பயின்றவர். நூல் வெளிவந்தபின் அந்த நட்பு முறிந்தது. பெரிய ஆய்வுக்கூடமும் நுண்கருவிகளும் மாணவர் படையும் உடைய பேராசிரியருக்கு, நாட்டுப்புற வீட்டில் கண்ணாடிப் பலகையும் அரக்கும் வைத்துக்கொண்டு செய்த சோதனைகள் அமெச்சூர் வேலையாகத் தெரிந்தன. குறிப்பாக, வேரின் நுனியே புவியீர்ப்பை உணர்கிறது என்று டார்வின்கள் சொன்னதை அவர் ஏளனம் செய்தார். அவருடைய மாணவர் டெட்லெஃப்சன் அச்சோதனையைச் செய்து பார்த்து மறுத்தார்.

இந்த வழக்கின் தீர்ப்பு வேடிக்கையானது. நூலின் மூலக்கொள்கை நிற்கவில்லை. ஒளிநாட்டமும் புவிநாட்டமும் சுற்றசைவின் திரிபுகள் என்று இன்று எவரும் சொல்வதில்லை. வீஸ்னர் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் சாக்ஸ் ஏளனம் செய்த பகுதி வென்றது. வேர்நுனிதான் புவியீர்ப்பை உணரும் இடம் என்பது உறுதியாயிற்று. அதே நூலில், கேனரிப் புல்லின் முளைக்குருத்து நுனியை மூடிவிட்டால் கீழ்ப்பகுதி ஒளியை நோக்கி வளைவதில்லை என்று ஒரு சோதனை இருந்தது. நுனியிலிருந்து கீழே ஏதோ ஒன்று இறங்கிச் செல்கிறது என்று பொருள். அந்த 'ஏதோ ஒன்றை' டென்மார்க்கில் பாய்சன் யென்சனும், பிறகு ஹாலந்தில் ஃபிரிட்ஸ் வென்ட்டும் துரத்திச் சென்றனர். 1926-இல் வென்ட் அதனை அகார் கட்டியில் பிடித்துக் காட்டினார். ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோன் அதுதான். தவறான கொள்கையை நிறுவ எழுதிய நூலிலிருந்து இவ்வளவு பெரிய உண்மை முளைத்தது. கொள்கையை மட்டும் பார்த்து நூலைத் தூக்கி எறிந்தவர்கள் இதனை இழந்திருப்பார்கள்.

சரி, சுற்றசைவு என்ன ஆயிற்று? கொள்கை வீழ்ந்தாலும் அசைவு நின்றுவிடவில்லையே! செடிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. அவற்றைச் சுற்ற வைப்பது எது என்ற கேள்வியைச் சுற்றி இருபதாம் நூற்றாண்டில் இரண்டு அணிகள் உண்டாயின.

ஓர் அணியின் கருத்தைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போதும். பொம்மையைச் சாய்த்து விட்டால் அது நேராக நிமிர்ந்து அப்படியே நின்றுவிடாது. நேர்நிலையைத் தாண்டி மறுபக்கம் சாயும். மறுபடி இப்பக்கம் வரும். செடியும் அப்படித்தான் என்றார்கள். தளிர் ஒரு பக்கம் சாய்ந்தால் அதைப் புவியீர்ப்பின் வழியே உணர்ந்து நிமிர முயல்கிறது. ஆனால் உணர்வதற்கும் வளர்ந்து நிமிர்வதற்கும் இடையே காலம் கடந்துவிடுகிறது. அதற்குள் தேவைக்கு மேல் வளர்ந்து மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது. அங்கும் திருத்தம், மீண்டும் தாமதம். திருத்தம் எப்போதும் பிந்தியே வருவதால் ஆட்டம் ஓய்வதில்லை. சுவீடனில் இஸ்ரேல்சனும் ஆண்டர்ஸ் யான்சனும் 1967-இல் சூரியகாந்தி நாற்றுகளை வைத்து இதனைக் கணிதச் சமன்பாடாகவே எழுதிக் காட்டினர். மற்றோர் அணியோ டார்வினைப்போல, அசைவு செடிக்குள்ளிருந்தே எழுகிறது, இதயத் துடிப்புக்கு வெளித் தூண்டல் தேவையில்லாததுபோல இதற்கும் தேவையில்லை என்றது.

எது சரி என்று அறிய ஒரு வழி உண்டு: புவியீர்ப்பை நீக்கிவிட்டுப் பார்ப்பது. பூமியில் இருந்துகொண்டு அதை எப்படி நீக்குவது? செடியைக் கிடையாக வைத்து மெல்லச் சுழற்றும் பொறியில் ஏற்றி, எது மேல், எது கீழ் என்று செடிக்குத் தெரியாமல் குழப்பினார்கள். அசைவு நின்றது என்றனர் சிலர். குறைந்ததே தவிர நிற்கவில்லை என்றனர் சிலர். குழப்பியது செடியை மட்டுமன்று.

1983 நவம்பர் 28 அன்று கொலம்பியா விண்கலம் ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடத்தைச் சுமந்து விண்ணில் ஏறியது. அதில் ஆறு மனிதர்களோடு சூரியகாந்தி நாற்றுகளும் சென்றன. அனுப்பியவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆலன் பிரவுனும் டேவிட் சாப்மனும். எடையற்ற நிலையில் தலையாட்டிப் பொம்மை ஆடாது; அதை ஆட்டுவது புவியீர்ப்பு. செடியும் பொம்மையைப் போன்றதுதான் என்றால் அதுவும் அசையாமல் நிற்க வேண்டும். இருட்டில் அகச்சிவப்புக் கதிர்களால் எடுத்த படங்கள் வேறு கதை சொல்லின. நாற்றுகள் அங்கேயும் சுற்றிக்கொண்டிருந்தன! டார்வின் மறைந்து நூறாண்டு கழித்து, அசைவு செடியின் உள்ளிருந்து எழுகிறது என்ற அவருடைய கருத்து வென்றுவிட்டதாகத் தோன்றியது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜப்பானியர் நெடுங்காலமாக ஆசையோடு வளர்த்துவரும் 'அசாகாவோ' என்னும் காலைப்பூக் கொடியில் ஒரு விசித்திர வகை உண்டு. அது கொம்பில் ஏறாது; துவண்டு தொங்கும். 2005-இல் கிட்டசாவா, தக்கஹாஷி முதலியோர் அதன் காரணத்தைக் கண்டனர். 'ஸ்கேர்குரோ' என்ற ஒரு மரபணு பழுதுபட்டதால் அதன் தண்டில் அகத்தோல் சரிவர உருவாகவில்லை. தண்டு புவியீர்ப்பை உணர்வது அகத்தோல் உயிரணுக்களில் உள்ள மாவு மணிகளால்தான். கனமான அந்த மணிகள் அடியில் படிவதைக் கொண்டே 'கீழ்' எது என்று செடி அறிகிறது. அகத்தோல் இல்லாத அக்கொடிக்குக் கீழும் தெரியவில்லை, சுற்றசைவும் இல்லை, கொம்பில் ஏறவும் இயலவில்லை. பொம்மைக் கொள்கைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

அவர்களுள் ஒருவரான யான்சனே கடைசியில் இரு அணிகளையும் ஓரளவு சேர்த்துவைத்தார். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அராபிடாப்சிஸ் என்ற கடுகினச் சிறுசெடி அனுப்பப்பட்டது. எடையற்ற நிலையில் அதன் தண்டு மிகச் சிறிய அளவில் அசைந்துகொண்டிருந்தது. சுழலும் பொறியில் வைத்துப் புவியீர்ப்புக்கு ஈடான விசையைக் கொடுத்ததும் அசைவு பன்மடங்கு பெருகியது. 2009-இல் வெளியான இம்முடிவின்படி, அசைவின் விதை செடிக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பெருக்கிப் பெரிய வட்டமாக்குவது புவியீர்ப்பு. 1827 முதல் பேசப்பட்ட ஒரு பொருளில் இவ்வளவு தூரம் வருவதற்கு 182 ஆண்டுகள் ஆயின.

கொடிக்குச் சுற்றசைவு பயன்படுகிறது, சரி. கொடியல்லாத செடிக்கு அதனால் என்ன பயன் என்ற மைவார்ட்டின் பழைய கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு விடையை நெற்பயிர் கொடுத்திருக்கிறது. நெல்லின் முளைவேர் நேராக இறங்குவதில்லை. நுனி சிறு வட்டமிட்டபடி இறங்குகிறது. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெய்லர், பென்ஃபி குழுவினர், ஒரு மரபணு பழுதாகி வட்டமிடும் திறனை இழந்த நெல்லையும் இயல்பான நெல்லையும் ஒப்பிட்டனர். துளைகளிட்ட கடினமான தளத்தின்மேல் இரண்டையும் வளரவிட்டபோது, வட்டமிடும் வேர் துழாவித் துழாவித் துளையைக் கண்டு கீழே இறங்கியது. வட்டமிடாத வேர் அதில் பின்தங்கியது. இவர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வேர்போல நீளும் ஓர் இயந்திரத்தையும் செய்து பார்த்தார்கள். நுனியை ஆட்டிய இயந்திரம் தடைகளுக்கு இடையே நுழைந்து சென்றது, ஆட்டாதது சிக்கிக்கொண்டது. கல்லும் கட்டியும் நிறைந்த மண்ணில் வேர் வழி தேடும் முறை இதுவாக இருக்கக்கூடும்.

சூரியகாந்தி மற்றொரு விடை தருகிறது. நெருக்கமாக ஒரே வரிசையில் நட்டால், செடிகள் ஒன்று இப்பக்கமும் அடுத்தது அப்பக்கமுமாகச் சாய்ந்து, ஒன்றன் நிழல் மற்றதன்மேல் விழாதபடி விலகிக்கொள்கின்றன. இந்த ஒழுங்கு எப்படி அமைகிறது என்பதை யாஸ்மின் மெரோஸ், ஓரிட் பெலெக் ஆகியோரின் குழு 2024-இல் ஆராய்ந்தது. ஒவ்வொரு செடியும் தன் சுற்றசைவினால் இங்கும் அங்கும் தாறுமாறாக நகர்ந்து பார்க்கிறது. நிழல் குறைந்த இடம் வாய்த்தால் அப்பக்கமாக ஒதுங்கிக்கொள்கிறது. வரிசையில் உள்ள செடிகள் எல்லாம் இப்படித் தடுமாறித் தடுமாறியே தத்தமக்கு இடம் பிடித்துக்கொள்கின்றன. வீஸ்னர் 'வெறும் தள்ளாட்டம்' என்று ஒதுக்கிய அதே அசைவுதான் இது.